ரோல் கழுவும் டேங்க்: மதுரை வெயிலில் இரண்டு வருடம்

கருப்பு பிளாஸ்டிக்கில் சின்ன கூஜா மாதிரி இருக்கும். உள்ளே இரண்டு வெள்ளை ரீல்கள், நடுவில் ஒரு கருப்புக் குழாய், மேலே புனல் வடிவத்தில் மூடி, அந்தப் புனலின் வாயை அடைக்க ரப்பர் போல வளையும் ஒரு தொப்பி. கேமரா ஃபிலிம் ரோலை வீட்டிலேயே கழுவி நெகட்டிவ் எடுக்கும் டேங்க் இவ்வளவுதான். இரண்டு வருடத்தில் இதில் 41 ரோல் கழுவியிருக்கிறேன். எண்ணிக்கையைச் சரியாகச் சொல்ல முடிவது நோட்டால். மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். செய்ததை நோட்டில் எழுதாவிட்டால் எனக்குக் கை அரிக்கும்.

கம்பெனி பெயரை எழுதப்போவதில்லை. இதே வடிவத்தில் நாலைந்து பேர் செய்து விற்கிறார்கள். நான் சொல்லப்போகிற குறைகள் இந்த வடிவத்துக்கே உள்ளவை, நிறைகளும் அப்படியே. எந்தப் பெயரில் வாங்கினாலும் இந்தக் கதைதான்.

'கழுவுவது' என்பது பழைய ஸ்டூடியோக்காரர்கள் சொல். ரோல் கழுவி, பிரிண்ட் போட்டு, கவரில் நெகட்டிவோடு தருவார்கள். 'டெவலப் செய்வது' என்பதைவிட இது சரியான சொல் என்று இப்போது தெரிகிறது. இந்த வேலையில் முக்கால் பங்கு தண்ணீர் வேலை. மதுரையில் தண்ணீர் வேலை என்றால் என்னவென்று மதுரைக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எப்படி இதில் இறங்கினேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாமா குவைத்தில் இருந்தபோது வாங்கிய பெண்டாக்ஸ் கே1000 ஒன்று அத்தையின் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே கிடந்தது. சின்ன பட்டன் பேட்டரி போட்டதும் மீட்டர் முள் அசைந்தது. ஷட்டரும் நன்றாகவே ஓடியது. முதல் நான்கு ரோல்களை வெளியூர் லேப் ஒன்றுக்குக் கூரியரில் அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து வந்தது. நான்கில் ஒன்றில் ஆரம்பம் முதல் கடைசி வரை தண்டவாளம் போல ஒரு நேர்க்கீறல். போன் செய்து கேட்டால் "உங்கள் கேமராவில்தான் இருக்கும் மேடம்" என்றார்கள். கேமராவைத் திறந்து துடைத்து இன்னொரு ரோல் எடுத்தேன், அதில் கீறல் இல்லை. சரி, கெடுத்தாலும் நானே கெடுத்துக்கொள்கிறேன் என்று முடிவு செய்தேன். டேங்குக்கு ஐந்து ரோல் ஃபிலிம் வாங்கும் காசு ஆனது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். இருட்டில் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான். ரோலை டப்பியிலிருந்து எடுத்து, ரீலில் ஏற்றி, ரீலைக் குழாயில் கோத்து, டேங்குக்குள் இறக்கி, மூடியைத் திருகி 'டக்' என்று சத்தம் வரும்வரை பூட்ட வேண்டும். அதோடு இருட்டு முடிந்தது. மீதி எல்லாம் அடுப்படி மேடையில், டியூப் லைட் வெளிச்சத்தில் செய்யலாம். புனல் வழியாகத் தண்ணீர் போகும், வெளிச்சம் போகாது. குழாயும் புனலும் ஒன்றுக்குள் ஒன்று வளைந்து உட்காருவதால் நேர்க்கோட்டில் போகும் வெளிச்சத்துக்கு வழி கிடைக்காது. எத்தனை எளிய யோசனை! வகுப்பில் 'ஒளி நேர்க்கோட்டில் செல்லும்' என்று சொல்லும்போதெல்லாம் இந்தப் புனல் கண்முன் வருகிறது. ஒரு ரோல் கழுவ 300 மில்லி போதும், இரண்டுக்கு 600. டார்க் ரூம் என்று தனியாக ஓர் அறை வேண்டியதில்லை.

ஆனால் அந்த ஒரே ஓர் இருட்டு வேலை இருக்கிறதே!

கருப்புத் துணியில் இரண்டு அடுக்காகத் தைத்து, இரண்டு ஜிப் வைத்து, கை நுழைக்க இலாஸ்டிக் வைத்த பை ஒன்று விற்கிறார்கள். சேஞ்சிங் பேக் என்று பெயர். டேங்க், ரீல், கத்திரிக்கோல், ரோல் எல்லாவற்றையும் உள்ளே போட்டு ஜிப்பை மூடிவிட்டு, கைகளை மட்டும் உள்ளே விட்டுத் தடவித் தடவி வேலை செய்ய வேண்டும். முதல் நாள் ஹாலில் உட்கார்ந்து இதைச் செய்துகொண்டிருந்தபோது அத்தை வந்து நின்றார்.

"ஏம்மா, தலையில்லாத சட்டைக்குள்ள கையை விட்டுக்கிட்டு என்ன பண்ற? பூனையைப் பிடிச்சுப் பையில போட்ட மாதிரி துள்ளுது."

"ஃபிலிம் ஏத்துறேன் அத்தை. ஃபேனை மட்டும் கொஞ்சம் வேகமா வைங்க."

ஃபேன் என்ன வேகத்தில் ஓடினால் என்ன, காற்று பைக்குள் போகாது. ஐந்து நிமிடத்தில் உள்ளே ஆவி பிடிப்பது போல ஆகிவிட்டது. முழங்கைவரை வியர்வை. ஃபிலிமின் ஒரு பக்கம் ஜெலட்டின், அது ஈரம் பட்டால் பிசுபிசுக்கும். ரீலில் ஃபிலிமின் முனையை இரண்டு காதுகளுக்கு அடியில் நுழைத்துவிட்டால், ரீலின் இரண்டு பக்கத் தட்டுகளையும் மாற்றி மாற்றி முன்னும் பின்னும் திருகத் திருக, உள்ளே இருக்கும் குட்டிக் குண்டுகள் ஃபிலிமைக் கவ்விக் கவ்வி இழுக்க வேண்டும். 36 படம் உள்ள ரோல் என்றால் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம். பாதி தூரம் சுகமாகப் போனது. 'கிரிக் கிரிக்' என்று கேட்கக்கூட நன்றாக இருந்தது. அப்புறம் நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் பலமாகத் திருகினேன். உள்ளே ஏதோ மடங்குவதை விரல் உணர்ந்தது. கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் ஒரு பொருள் கெட்டுப்போவதை விரல் நுனியால் தெரிந்துகொள்வது ஒரு தனி வேதனை. கழுவி எடுத்த பிறகு பார்த்தால், மடங்கிய இடத்தில் எல்லாம் நகம் வெட்டிப் போட்டது போலப் பிறை பிறையாகக் கருப்புக் கோடுகள். அந்த ரோலில் என் மகள் ஊஞ்சலில் ஆடுகிறாள். நெற்றிக்கு மேல் இரண்டு பிறைகள்.

இந்தக் குறை குளிர்ந்த நாட்டில் யாருக்கும் பெரிதாகத் தெரியாது என்று நினைக்கிறேன். நமக்கு இதுதான் முதல் குறை. ஸ்டீல் ரீல் ஈரமாக இருந்தாலும் ஃபிலிமைப் பிடிக்காது, ஆனால் அதில் நடுவிலிருந்து வெளியே சுற்றிப் பழக வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை வரவில்லை. பிளாஸ்டிக் ரீலோடு நான் செய்துகொண்ட சமாதானம் இப்படி. ஃபிலிம் முனையின் இரண்டு மூலைகளையும் கத்திரிக்கோலால் லேசாக உருட்டி வெட்டிவிட வேண்டும். ரீலைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, ஹேர் டிரையரில் உலர்த்த வேண்டும். பையை மூட்டை கட்டி வைத்துவிட்டேன். காலை நாலரை மணிக்கு, யாரும் குளிப்பதற்கு முன், பாத்ரூமில்தான் ஏற்றுகிறேன். வென்டிலேட்டரில் கருப்புச் சார்ட் ஒட்டி, கதவடியில் துண்டைச் சுருட்டி வைத்தால் நல்ல இருட்டு. கதவைச் சாத்திவிட்டுப் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்து பாருங்கள், எங்கெல்லாம் வெளிச்சம் கசிகிறது என்று கண் பழகிய பிறகுதான் தெரியும். எனக்குக் கடைசியில் மாட்டியது கீசரின் சிவப்புப் புள்ளி.

"சிவப்பு வெளிச்சம் பரவாயில்லையே, சினிமாவில் டார்க் ரூம் சிவப்பாகத்தானே இருக்கும்?" என்று சக ஆசிரியை ஒருவர் கேட்டார். அது பிரிண்ட் போடும் பேப்பருக்கு. அந்தப் பேப்பருக்குச் சிவப்பு தெரியாது. இன்றைய கருப்பு வெள்ளை ஃபிலிம் பெரும்பாலும் எல்லா நிறத்தையும் பார்க்கும். சிவப்பும் அதற்கு வெளிச்சம்தான். கீசர், கொசு மருந்து மெஷின், வாட்ச்சின் பச்சை முள் எல்லாம் எதிரி. செல்போனைப் பாத்ரூமுக்கு வெளியே வைத்துவிடுங்கள். நாலரை மணிக்கு யார் கூப்பிடப் போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். அலாரம் அடிக்கும்.

இப்போது நான் அழகரைத் தவறவிட்ட கதையைச் சொல்லியாக வேண்டும். டேங்கின் மேல் எனக்குத் தீராத கோபம் இருப்பது இந்த ஒன்றில்தான்.

சித்ரா பௌர்ணமி அன்று அழகர் வைகையில் இறங்குவதை ஒரு முழு ரோல் எடுத்தேன். விடிவதற்கு முன்பே போய், ஆழ்வார்புரம் பக்கம் கூட்டத்தில் நசுங்கி, தண்ணீர் பீய்ச்சுகிறவர்களிடமிருந்து கேமராவை முந்தானைக்குள் ஒளித்து எடுத்த 36 படம். அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்பதுதான் அன்று ஊரெல்லாம் பேச்சு. "நீ கருப்பு வெள்ளையில எடுத்தா பட்டு என்ன நிறம்னு எப்படித் தெரியும்?" என்று அத்தை சிரித்தார். இரண்டு நாள் கழித்து ரோலை ஏற்றினேன். நன்றாக ஏறியது. டேங்கில் வைத்தேன், மூடினேன், 'டக்' சத்தமும் வந்தது. லைட்டைப் போட்டால், நடுக் குழாய் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறது.

குழாய் இல்லாவிட்டால் புனல் வழியாக வெளிச்சம் நேரே உள்ளே இறங்கும். டேங்கின் மொத்த இருட்டும் அந்த ஒரு குழாயில்தான் இருக்கிறது. அது இல்லாமலும் மூடி ஒழுங்காக மூடிக்கொள்கிறது. குக்கரில்கூட கேஸ்கெட் இல்லாவிட்டால் மூடி தளதளவென்று ஆடிக் காட்டிக்கொடுக்கும். இதை வடிவமைத்தவர்கள் குழாய் இருந்தால்தான் மூடி பூட்டும் என்று ஒரு சின்னக் கொக்கி வைத்திருக்கலாம். ஒரு நம்பிக்கையில் கழுவிப் பார்த்தேன். ஆரம்பம் முதல் கடைசி வரை தார் ரோடு மாதிரி கருப்பு. அழகர் அடுத்த வருடம்தான் மறுபடி இறங்குவார். அன்றிலிருந்து பாத்ரூம் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் 'குழாய்' என்று எழுதி வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் குழாயை மூடச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதுவும் நல்லதுதான்.

இனி வெப்பம். டெவலப்பர் என்பது ஃபிலிமில் பதிந்த படத்தைத் தெரியவைக்கும் ரசாயனம். அதன் பாக்கெட்டுகளும் அட்டவணைகளும் 20 டிகிரி என்பதை ஏதோ இயற்கை விதி போல எழுதியிருக்கும். இல்ஃபோர்டின் ஹெச்பி5 பிளஸ் ஃபிலிமை அதே கம்பெனியின் ஐடி-11 டெவலப்பரில், சமபங்கு தண்ணீர் கலந்து, 20 டிகிரியில் கழுவ 13 நிமிடம் என்கிறார்கள். மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு எங்கள் வீட்டுக் குழாயைத் திறந்தால் 39 டிகிரி. தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். கலர் நெகட்டிவ் கழுவ 38 டிகிரி வேண்டும். மற்ற ஊர்க்காரர்கள் அதற்காக வெந்நீர் வைத்து, ஹீட்டர் வாங்கிச் சிரமப்படுகிறார்கள். நமக்கு மொட்டைமாடிச் சின்டெக்ஸ் டேங்க் அதை இலவசமாகத் தருகிறது. கருப்பு வெள்ளைக்குத்தான் குளிர்ச்சி வேண்டும்.

சூடு கூடினால் நேரம் குறையும். 20-ல் 4 நிமிடம் என்றால் 23-ல் 3 நிமிடம் என்று இல்ஃபோர்டே ஒரு கணக்குத் தருகிறது. அந்தக் கணக்கில் என் 13 நிமிடம் 24 டிகிரியில் ஏறக்குறைய 9 நிமிடமாகிறது. 30 டிகிரிக்கு மேல் போனால் நேரம் ஐந்து நிமிடத்துக்கும் கீழே வந்துவிடும். அவ்வளவு குறுகிய நேரத்தில் ஊற்றுவதற்கும் கொட்டுவதற்கும் ஆகும் சில நொடிகளே படத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும். ஆகவே 24 டிகிரியை என் எல்லையாக வைத்துக்கொண்டேன்.

24 எப்படிக் கிடைக்கும்? ஃபிரிட்ஜ் தண்ணீரைக் கலந்தால் கிடைக்கும். ஆனால் கணக்குப் போட்டுக் கலப்பதற்குள் அது ஏறிவிடும். மண்பானைதான் கைகொடுத்தது. முதல் நாள் இரவே கேன் தண்ணீரைப் பானையில் ஊற்றி ஜன்னலோரம் வைத்துவிட்டால் விடியற்காலையில் 26-க்கு வந்திருக்கும். இரண்டு ஐஸ் கட்டியை பிளாஸ்டிக் கவரில் கட்டி ஐந்து நிமிடம் மிதக்கவிட்டால் 24. டேங்கை அதே பானைத் தண்ணீர் ஊற்றிய அன்னக்கூடையில் நிற்க வைத்தால் ஒன்பது நிமிடமும் அரை டிகிரிக்கு மேல் அசையாது. கோடையின் வறண்ட காற்றில் பானை இப்படி வேலை செய்யும். ஐப்பசி மழையில் காற்றே ஈரமாக இருக்கும்போது பானைத் தண்ணீர் அவ்வளவாகக் குளிராது, ஆனால் அப்போது குழாய்த் தண்ணீரே பரவாயில்லாமல் இருக்கும்.

ஊட்டியில் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்று மத்திய அரசின் தொழிற்சாலை இருந்தது. 1960-ல் கம்பெனியாகத் தொடங்கி, 'இந்து' என்ற பெயரில் ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் செய்தார்கள். அந்தப் பகுதிக்கே இந்து நகர் என்று பெயர் நின்றுவிட்டது. தொழிற்சாலைதான் இல்லை. கல்லூரிச் சுற்றுலாவில் பஸ்ஸிலிருந்து அந்தப் பலகையைப் பார்த்தபோது ஃபிலிமை ஏன் மலை மேல் போய்ச் செய்தார்கள் என்று யோசிக்கவில்லை. இப்போது பானையில் ஐஸ் கவரை மிதக்கவிடும்போதெல்லாம் யோசிக்கிறேன்.

டெவலப்பர் கலப்பதற்கும் டேங்குக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்றாலும் ஆசை விடவில்லை, சொல்லிவிடுகிறேன். முதலில் பாக்கெட் வாங்கினேன். அப்புறம் டி-76 என்ற கோடாக் செய்முறையை நானே கலக்க ஆரம்பித்தேன். 1927-ல் வந்தது, ஒளிவு மறைவில்லாமல் எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். முக்கால் லிட்டர் தண்ணீரை 50 டிகிரிக்குச் சூடாக்கி, இந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாகக் கரைத்து, கடைசியில் ஒரு லிட்டராக்க வேண்டும். வரிசை முக்கியம். சல்ஃபைட் முழுவதையும் முதலில் போட்டால் மெட்டால் கரையாமல் அடம்பிடிக்கும். மெட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும், கையுறை போடாமல் தொடாதீர்கள்.

இதில் ஒரு தமாஷ். போராக்ஸ் என்பது வேறு ஒன்றுமில்லை, நாட்டு மருந்துக் கடை வெங்காரம். அத்தைக்கு அது வாய்ப்புண் மருந்து. "இதைப் போட்டா போட்டோ தெரியுமா?" என்று நம்பாமல் கேட்டார். இன்னொன்று தமாஷ் இல்லை. ஒரு முறை கெமிக்கல் கடையில் சல்ஃபைட் கேட்டு சல்ஃபேட்டோடு வந்துவிட்டேன். இரண்டும் வெள்ளைப் பொடி, பெயரில் ஒரே எழுத்து வித்தியாசம். லேபிளையும் நம்பாமல் ஒரு சிட்டிகை எடுத்து நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பது என் வழக்கம். சல்ஃபைட் என்றால் தீக்குச்சி உரசிய நெடி மூக்கில் ஏறும். அன்று ஏறவில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் 'பெயரைக் கவனி' என்று தலையில் அடித்துக்கொள்கிற நான்தான் அப்படி வாங்கி வந்தேன்.

டேங்குக்குத் திரும்புகிறேன். இரண்டாவது பெரிய குறை, தொப்பி. டெவலப்பரை ஊற்றியதும் தொப்பியைப் போட்டு, முதல் பத்து நொடியில் நான்கு முறை டேங்கைத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். பிறகு ஒவ்வொரு நிமிடமும் அதே நான்கு முறை. ஒவ்வொரு முறையும் மேடையில் ஒரு தட்டு தட்டினால் ஃபிலிமில் ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழி போய்விடும். இந்தக் கவிழ்ப்பில்தான் கசிகிறது. தொப்பியின் நடுவை அழுத்திக்கொண்டே விளிம்பைத் தூக்கிக் கொஞ்சம் காற்றை வெளியேற்றிவிட்டு மூடினால் குறைகிறது, நிற்பதில்லை. ஹைட்ரோகுயினோன் பட்ட துணி முதலில் ஒன்றும் தெரியாது, மறுநாள் வெயிலில் காய்ந்ததும் டீக்கறை போலப் பழுப்பாகும், பிறகு எதற்கும் போகாது. என் இரண்டு நைட்டிகள் இப்போது கழுவும் உடுப்புகள். டேங்கோடு ஒரு பிளாஸ்டிக் குச்சியும் தருகிறார்கள், கவிழ்க்காமல் ரீலை மேலிருந்தே சுழற்றலாம். கசியாது. ஆனால் குச்சி மட்டும் வைத்துக் கழுவிய இரண்டு ரோலிலும் வானம் ஒரே சீராக வரவில்லை. கவிழ்ப்பதே மேல், நைட்டி போனால் போகட்டும்.

டெவலப்பரைக் கொட்டியதும், அதன் வேலையை நிறுத்த ஒரு நிமிடம் சிட்ரிக் ஆசிட் கரைசல், மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைப்பதுதான். அப்புறம், வெளிச்சம் படாமல் மிஞ்சிய வெள்ளி உப்பைக் கரைத்து எடுக்க ஹைப்போ. பிளஸ் டூ லேபில் அயோடினோடு டைட்ரேஷன் செய்வோமே, அதே சோடியம் தயோசல்ஃபேட். பள்ளிக்கூட லேபிலிருந்து எடுத்து வந்தேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், பில் இருக்கிறது. இந்த உப்பிடம் எனக்குத் தனிப் பிரியம். லிட்டருக்கு 250 கிராம் கணக்கில் கொட்டிக் கலக்கும்போது பாத்திரம் கையில் ஜில்லென்று ஆகும், கரைவதற்கு வேண்டிய வெப்பத்தைத் தண்ணீரிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. மதுரை மே மாதத்தின் மேல் இரக்கம் காட்டும் ஒரே ரசாயனம்.

ஹைப்போ எவ்வளவு நேரம் என்பதற்கு எந்த அட்டவணையும் வேண்டாம். ஏற்றும்போது வெட்டிய ஃபிலிம் நுனியை ஒரு டம்ளர் ஹைப்போவில் போட்டுப் பாருங்கள். முதலில் மோர் நிறத்தில் இருக்கும். ஓரத்திலிருந்து மோர் கலைய ஆரம்பிக்கும். திடீரென்று டம்ளரின் அடியில் இருக்கும் எழுத்து அதன் வழியே தெரியும். அதுவரை ஆன நேரத்தைப் போல இரண்டு மடங்கு டேங்கில் வைத்தால் போதும். என் கரைசலில் அது மூன்றே முக்கால் நிமிடம், நான் எட்டு வைக்கிறேன். கடையில் விற்கும் ரேபிட் ஃபிக்ஸர் இதைவிட நல்ல வேகம், விலையும் அதற்கேற்ப.

பழைய ஹைப்போவைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். உங்கள் ஃபிலிமில் கரைந்த வெள்ளி அதில் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஸ்டூடியோக்களுக்கு வந்து அதை விலைக்கு வாங்கிப் போகிறவர்கள் இருந்தார்கள். நான் ஒரு கேனில் சேர்த்து, உள்ளே இரும்பு நார் போட்டு வைக்கிறேன். இரும்பு கரைந்து வெள்ளியை வெளியே தள்ளும், கேனின் அடியில் கருப்பு வண்டலாகத் தங்கும். பாத்திரம் தேய்க்கும் பளபளக்கும் ஸ்டீல் நார் இதற்கு உதவாது, துருப்பிடிக்கிற சாதா இரும்பு வேண்டும். கேனின் மேல் பெரிதாக எழுதி, பூட்டு உள்ள இடத்தில் வையுங்கள். குடிதண்ணீர் பாட்டிலில் எந்தக் கரைசலையும் ஊற்றி வைக்கவே வேண்டாம்.

கடைசியில் அலசல். குழாயைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் ஓடவிடு என்று பழைய முறை சொல்கிறது. லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்து நிற்கிற தெருவில் அதைச் செய்ய மனசாட்சி இடம் கொடுக்காது. இல்ஃபோர்டு சொல்கிற முறை இங்கேதான் தெய்வமாக வந்தது. டேங்கை நிரப்பி 5 முறை கவிழ், கொட்டு. மறுபடி நிரப்பி 10 முறை. மறுபடி 20 முறை. முடிந்தது. ஒரு ரோலுக்கு ஒரு லிட்டருக்கும் குறைவு. அதையும் போர் தண்ணீரில் செய்தால் காய்ந்த பிறகு ஃபிலிம் முழுக்க வெள்ளை வெள்ளையாக உப்புப் புள்ளிகள். எங்கள் கெட்டிலின் அடியில் படிகிற அதே உப்பு. கடைசி அலசலை மட்டும் பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரில் செய்தால் புள்ளி வருவதில்லை.

பிறகு ரீலை எடுத்து முனையைப் பிடித்து இழுக்கிற அந்த நொடி. 41 முறை ஆகிவிட்டது, இன்னும் நெஞ்சு படபடக்கிறது. ஈரத்தில் ஃபிலிம் வழவழவென்று வரும். முதலில் ஒன்றுமில்லாத நுனி, அப்புறம் திடீரென்று சின்னச் சின்ன சன்னல்கள். வெள்ளை முடியோடு அத்தை தெரிய வேண்டிய இடத்தில் கருகரு கூந்தலோடு ஒரு பெண். அவருக்குக் காட்டினேன். "இதையே பிரிண்ட் போட்டுக் குடு, திருப்பிப் போடாதே" என்றார். பாத்ரூமில் துணிக் கிளிப்பில் மேலே ஒன்று, அடியில் பாரத்துக்கு இரண்டு. ஃபேன் போடக்கூடாது, தூசி ஒட்டும். கோடையில் ஒரு மணி நேரத்துக்குள் காய்ந்துவிடும். வீட்டில் மற்றவர்கள் குளிக்க முடியாது என்பதால் ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாளில் நான் கழுவுவதில்லை.

காசு விஷயம். லேபுக்குக் கொடுத்த கூலியையும் கூரியரையும் நோட்டில் கூட்டிப் பார்த்தால், டேங்கும் தராசும் தெர்மாமீட்டரும் வாங்கிய செலவு பதினைந்தாவது ரோலில் ஈடாகிவிட்டது. வருடத்துக்கு இரண்டு ரோல் எடுப்பவர்கள் இதை வாங்க வேண்டாம், லேபுக்கே அனுப்புங்கள். கீறல் விழுந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒன்றுக்கு மேல் எடுப்பவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் போடுகிறேன். தொப்பிக்கு அரை, குழாய் இல்லாமலும் பூட்டிக்கொள்கிற மூடிக்கு ஒன்று குறைத்திருக்கிறேன். ரீல் திக்குவதற்குக் குறைக்கவில்லை. அதில் பாதிப் பழி வெயிலுக்குப் போக வேண்டும்.

வாங்கும்போதே ஒரு ரீல் கூடுதலாக வாங்கிவிடுங்கள். நனைந்த ரீல் அன்றைக்கு உதவாது. என்னுடைய மூன்று ரீல்களும் இப்போது மொட்டைமாடிக் கொடியில் காய்கின்றன. பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "இடியாப்பத் தட்டு புது மாடலா இருக்கே, எங்க வாங்குன?" என்று கேட்டார். இந்த ஞாயிற்றுக்கிழமை காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.